சுவரைத் துடைத்துப் பார்த்துவிட்டு ஒரு குடும்பத்தை வெளியேற்றலாமா?

கும்பகோணத்தை அடுத்த எங்கள் பகுதியில், இன்றும் குடிசை மாற்று வாரியம் என்றே மக்கள் சொல்லும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பற்றிச் சில வாரங்களாக ஒரு கோரிக்கை சுற்றி வருகிறது. அங்கே போதைப்பொருள் புழங்குகிறது என்றும், வெளிநாடுகளில் செய்வதுபோல வீடு வீடாகச் சுவரில் ரசாயனச் சோதனை நடத்தி, மெத்தம்பெட்டமைன் எச்சம் காணப்படும் வீடுகளின் ஒதுக்கீட்டை ரத்து செய்ய வேண்டும் என்றும் கேட்கிறார்கள். கேட்பவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். வயதுக்கு வந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரவில் தூக்கம் வராமல் தவிக்கும் பெற்றோர். ஆனால் அவர்கள் முன்மாதிரியாகக் காட்டும் நாடு, அந்தச் சோதனையை ஐந்தாண்டுகள் நடத்திவிட்டுப் பிறகு தன் வாடகைதாரர்களிடம் மன்னிப்புக் கேட்டது என்பதை யாரும் எழுதக் காணோம்.

நியூசிலாந்தைத்தான் சொல்கிறேன். அங்கே அரசு வீடுகளை நிர்வகித்த ஹவுசிங் நியூசிலாந்து நிறுவனம், போதைப்பொருள் விஷயத்தில் துளியும் சகிப்பதில்லை என்ற கொள்கையோடு, 2013 முதல் 2018 வரை வீட்டுச் சுவர்களைச் சோதித்து, எச்சம் தெரிந்த வீடுகளைக் காலி செய்ய வைத்தது. சுமார் 800 வாடகைதாரர்கள் வீட்டை இழந்தார்கள். சிலரிடம் சுத்தம் செய்த செலவையும் கேட்டார்கள்; சிலருக்கு ஓராண்டு வரை வேறு அரசு வீடு கிடைக்காதபடி தடையும் விதித்தார்கள். சோதனைக்கும் சுத்திகரிப்புக்கும் 10 கோடி நியூசிலாந்து டாலருக்கு மேல் செலவானது. வீட்டுக்கு வரிசையில் காத்திருந்த ஏழைகள் ஒரு பக்கம் இருக்க, நல்ல நிலையில் இருந்த வீடுகள் பூட்டிக் கிடந்தன.

இவ்வளவுக்கும் அடிப்படையாக இருந்தது ஓர் எண். நூறு சதுர சென்டிமீட்டருக்கு, அதாவது ஓர் உள்ளங்கை அகலச் சுவருக்கு, 0.5 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கில் பாதி. அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் 2010இல் இந்த எண்ணைச் சொன்னது, வீட்டுக்குள் ரகசியமாக மெத்தம்பெட்டமைன் காய்ச்சிய இடங்களைச் சுத்தம் செய்தபின் எந்த அளவுக்குக் கீழே வந்தால் போதும் என்று காட்டுவதற்காக. அதை அப்படியே எடுத்து, யாரோ எப்போதோ புகைத்திருக்கக்கூடிய வீட்டின்மீது பொருத்தியதில்தான் கோளாறு தொடங்கியது. 2017இல் வந்த தேசியத் தர அளவு அதை 1.5 ஆக உயர்த்தியது. காய்ச்சிய வீட்டுக்கும் புகைத்த வீட்டுக்கும் அதுவும் ஒரே எண்தான்.

நான் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மெத்தம்பெட்டமைனில் எனக்கு நிபுணத்துவம் கிடையாது. ஆனால் ஆய்வு முடிவாக ஒரு தாளில் எண் வந்துவிட்டால் மனிதர்கள் அதற்கு எப்படித் தலைவணங்கிவிடுகிறார்கள் என்பதைப் பணிக்காலம் முழுவதும் பார்த்தவன். நெல் வயலில் மண் மாதிரி எடுக்கும்போது வரப்போரம், எருக்குழி, மரநிழல் எல்லாவற்றையும் தவிர்த்துவிட்டுப் பல இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி, பதினைந்து சென்டிமீட்டர் ஆழம் வரை சுரண்டிய மண்ணைச் சாக்கில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவருவோம். கலந்த மண் தருவது அந்த வயலின் சராசரி. சுவரில் துடைத்தெடுக்கும் மாதிரி அப்படியல்ல. ஆறு இடங்களில் துடைத்த துணிகளை ஒன்றாகச் சேர்த்துச் சோதித்தால் கிடைப்பது ஆறின் கூட்டுத்தொகை. ஒவ்வோரிடத்திலும் 0.3 இருந்தால் தாளில் 1.8 என்று வரும்; எந்த இடமும் வரம்பைத் தொடாத வீடு, வரம்பு மீறிய வீடாகிவிடும். இதை ஆறால் வகுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்வதற்கு விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வாங்கிய பெண்மணிக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

இதனால் எச்சத்தைப் பற்றிய கவலையே வீண் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சிய வீடு உண்மையிலேயே ஆபத்தானது. அங்கே மெத்தம்பெட்டமைன் மட்டும் இருக்காது. கரைப்பான்கள், அமிலங்கள், செய்முறையைப் பொறுத்து அயோடின், பாஸ்பரஸ் ஆகியவையும் சுவரிலும் தரையிலும் சாக்கடையிலும் இறங்கியிருக்கும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், முன்பு காய்ச்சும் இடமாக இருந்தது தெரியாமல் ஒரு வீட்டில் குடியேறிய குடும்பத்தாரின் தலைமுடியில், குழந்தைகள் உட்பட, மெத்தம்பெட்டமைன் கண்டறியப்பட்டது. அவர்களுக்கு உடல்நலக் கோளாறுகளும் இருந்தன. அப்படிப்பட்ட வீட்டை மூடி, ஆட்களை வெளியேற்றி, சுவர்ப்பூச்சு வரை சுத்தம் செய்வதை நான் கை தூக்கி ஆதரிப்பேன்.

புகைத்த வீட்டின் கதை வேறு. புகை படிந்து சுவரில் நுண்ணிய எச்சம் தங்கும், மாதக்கணக்கில் இருக்கவும் செய்யும் என்பதெல்லாம் சரி. ஆனால் 2018 மே மாதம், நியூசிலாந்துப் பிரதமரின் தலைமை அறிவியல் ஆலோசகராக இருந்த பீட்டர் குளக்மேன் அளித்த அறிக்கை, பிறர் புகைத்து விட்டுப்போன எச்சத்தால் அந்த வீட்டில் பின்னர் குடியிருப்பவர்களின் உடல்நலம் கெட்டது என்பதற்குச் சான்று இல்லை என்று கூறியது. காய்ச்சியதாகவோ மிக அதிகமாகப் புகைத்ததாகவோ சந்தேகம் இல்லாவிட்டால் சோதனையே தேவையில்லை என்றும், கவனிக்க வேண்டிய அளவு 15 மைக்ரோகிராம் என்றும் சொன்னது. அதுவரை வீடுகளைக் காலி செய்ய வைத்த எண்களில் 0.5ஐப் போல முப்பது மடங்கு, 1.5ஐப் போல பத்து மடங்கு. அதே ஆண்டு செப்டம்பரில் ஹவுசிங் நியூசிலாந்து மன்னிப்புக் கேட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவித்தொகை அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் சோதனை செய்வதும் சுத்தம் செய்வதும் அங்கே செழிப்பான தொழிலாகிவிட்டிருந்தன. பயத்தை விற்பவனே மருந்தையும் விற்றால் நோய் குறையுமா என்ன?

நியூசிலாந்தில் இன்னொரு பெரிய ஓட்டையும் இருந்தது. ஒரு குடும்பம் குடிவருமுன் சுவர் எப்படி இருந்தது என்ற பதிவு பல வீடுகளுக்கு இல்லை. ஆகவே எச்சம் இவர்களால் வந்ததா, முன்பு இருந்தவர்களால் வந்ததா என்று நிரூபிக்க வழியில்லை. நம் வாரியக் குடியிருப்புகளில் இந்தச் சிக்கல் பன்மடங்காகும். ஒதுக்கீடு பெரும்பாலும் குடும்பத் தலைவியின் பெயரில் இருக்கிறது. குடியிருப்பவர் உள்வாடகைக்கு வந்த வேறொருவராக இருக்கலாம். அவருக்கு முன்பும் இரண்டு பேர் இருந்து போயிருக்கலாம். விருந்தாளியாக வந்த மருமகன் கழிவறையில் புகைத்ததற்கு, தவணையை ஒழுங்காகக் கட்டிவரும் மாமியாரின் வீட்டைப் பறிப்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

தவிர, அந்த எண்களை நாம் அப்படியே இறக்குமதி செய்யவும் முடியாது. அங்கே குளிருக்கு அடைத்த வீடு, ஜிப்சம் பலகைச் சுவர், தரையில் கம்பளம். இங்கே கான்கிரீட் சுவர், திறந்த ஜன்னல், தினமும் கழுவும் தரை, கையில் காசிருந்தால் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு. எச்சம் எங்கே தங்கும், எவ்வளவு நாள் தங்கும், சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் என்ன ஆகும் என்பதையெல்லாம் இந்தச் சுவர்களில் ஆராய்ந்த பிறகுதான் வரம்பைப் பேச வேண்டும்.

சட்டமும் இந்தக் கோரிக்கையை வைப்பவர்கள் நினைப்பதைவிடப் பொறுமையாகத்தான் இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், தன் இடத்தைக் குற்றத்துக்குப் பயன்படுத்தத் தெரிந்தே இடம் கொடுத்தவரைத்தான் 25ஆம் பிரிவில் தண்டிக்கிறது. தெரிந்தே என்ற சொல் அங்கே சும்மா போடப்படவில்லை. 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையாகி, சிறிய அளவு சார்ந்த குற்றத்தில் சிக்கிய ஒருவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் அவர்மீது வழக்கு நடத்தாமல் விட வழி செய்கிறது. மகனைச் சிகிச்சைக்கு அழைத்துச் சென்றால் வீடு போய்விடும் என்று தெரிந்தால் எந்தத் தாய் அவனை அழைத்துச் செல்வாள்? கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே வைத்திருப்பாள்.

எங்கள் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் நான் எழுத்தில் கொடுக்கப்போவது இதுதான். காய்ச்சியதற்கான அறிகுறி இருந்தால் காவல்துறைக்கும் தடய அறிவியல் துறைக்கும் உடனே தகவல் தர வேண்டும். சங்கத்து ஆட்கள் உள்ளே போய் எதையும் தொடக்கூடாது. விற்பனை நடந்தால் விற்பவர்மீது வழக்கு. சுவர் எச்சத்தை மட்டும் காரணம் காட்டி எந்த ஒதுக்கீட்டையும் ரத்து செய்யும்படி வாரியத்தைக் கேட்கக்கூடாது. என்றாவது சோதனை என்று ஒன்று வந்தாலும், வீட்டை ஒப்படைக்கும் நாளில் எடுத்த முதல் மாதிரியின் அளவு ஒதுக்கீட்டுக் கோப்பில் இருந்தாக வேண்டும். சோதிப்பவரும் சுத்தம் செய்பவரும் ஒரே ஒப்பந்ததாரராக இருக்கக்கூடாது. அறை அறையாகத் தனித்தனி எண் தர வேண்டும். இதற்கு மறுப்பு உள்ளவர்கள் கூட்டத்துக்கு வந்து பேசட்டும், வாட்ஸ்அப்பில் வேண்டாம்.