அபராதத்தை நடப்பவர்களிடமிருந்தா தொடங்குவது?

சிவப்பு விளக்கில் சாலையைக் கடக்கும் பாதசாரிகளுக்கும் அபராதம் போட வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

சென்னை அண்ணா சாலையில் நடப்பவர்களுக்குப் பச்சை விழுந்த பிறகு இறங்கிப் பாருங்கள். இடது பக்கம் திரும்பும் பைக்குகள் நிற்கவே நிற்காது. கோட்டின் மேலேயே ஆட்டோ நிற்கும். அதைச் சுற்றிக்கொண்டு நடுரோட்டுக்கு வந்துதான் போக வேண்டும். மூட்டுவலிக்கார என் அம்மா பாதி தூரம் போவதற்குள் விளக்கு மாறிவிடும். மீடியனைப் பிடித்துக்கொண்டு நிற்பார், முந்தானையை உரசுவதுபோல் பஸ் போகும். அவருக்கா அபராதம்?

சிங்கப்பூரைப் பார் என்கிறார்கள். சரி, பார்ப்போம். அங்கே அபராதம் உண்டுதான். ஆனால் பல சிக்னல்களில் முதியவர்கள் தங்கள் அட்டையைக் கம்பத்தில் உள்ள கருவியில் வைத்தால் பச்சை விளக்கு 3 முதல் 13 விநாடிகள் வரை கூடுதலாக எரியும். 2009-லேயே தொடங்கிய வசதி இது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இங்கிலாந்தில் சிவப்பில் நடந்து கடப்பது தனிக் குற்றமே இல்லை. 2022-ல் திருத்திய அவர்களுடைய சாலை விதிகள், அதிகச் சேதம் விளைவிக்கக்கூடிய வாகனத்தை ஓட்டுபவருக்கே அதிகப் பொறுப்பு என்கின்றன. நியூயார்க் நகரமும் 2024-ல் சிவப்பில் நடந்து கடப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

போனைப் பார்த்துக்கொண்டே குறுக்கே பாய்கிறவர்களை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் முதலில் ஸ்டாப் லைனைத் தாண்டி நிற்கும் வண்டிகளைப் பிடியுங்கள். அப்புறம், வயதானவர்கள் நடந்து முடிக்கிற அளவுக்குப் பச்சை நேரத்தைக் கூட்டுங்கள்.