கோயில் நுழைவு முந்தியது, சட்டம் பிந்தியது

தாழ்த்தப்பட்டோரின் மதுரை மீனாட்சி அம்மன் கோயில் நுழைவு, சட்டம் வந்த பிறகே நடந்தது என்றும், சமயப் பற்றுள்ளவர்கள் அதுவரை வழக்கத்தை மீறவில்லை என்றும் மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். வரிசை தலைகீழாக இருக்கிறது. 1939 ஜூலை 8 அன்றே மதுரை காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டோரை உள்ளே அழைத்துச் சென்றுவிட்டார். ஐயர் நாத்திகர் அல்லர், ஊறிய பக்தர். எதிர்த்துப் பூசை செய்ய மறுத்த பட்டர்களும் (கோயில் அர்ச்சகர்கள்) பக்தர்கள்தாம். ராஜாஜி அரசின் அவசரச் சட்டம் அதன் பிறகுதான் வந்தது.

சரிபார்ப்பது எளிது. அவசரச் சட்டத்தைத் தொடர்ந்து அதே 1939இல் வந்த 22ஆம் எண் சென்னை மாகாணச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். ஏற்கெனவே நடந்த நுழைவுக்காக யார்மீதும் நடவடிக்கை கூடாது என்ற பாதுகாப்பு அதில் இருக்கிறது. பழைய நாளிதழ்கள் உள்ள நூலகத்தில் ஜூலை 9, 10 தேதி இதழ்களைப் புரட்டினாலும் போதும்.