ஹிட்லரை விடுங்கள், அந்தப் படிவத்தைப் படியுங்கள்

அமெரிக்கப் பள்ளி நூலகங்களிலிருந்து புத்தகங்களை எடுப்பதைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் ஹிட்லர் வந்துவிடுகிறார். எதிர்த்துப் பேசுகிறவர் ஸ்டாலினையும் மாவோவையும் இழுத்துக்கொண்டு வருகிறார். ஒருவர் "பாசிசம்" என்கிறார், மற்றவர் "பிள்ளைகளைக் கெடுக்கிற கும்பல்" என்கிறார். 2021-லிருந்து இதே கூச்சல்தான். கேட்கக் கேட்க வயிறு எரிகிறது. அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் எப்படி இறங்குகிறது? யார் இறக்குகிறார்? எத்தனை நாளில்? அது திரும்பி ஏற என்ன வழி? இந்த நாலு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கத்திக்கொண்டிருந்த இரண்டு பக்கமும் வாயடைத்து நிற்கும். சட்டத்தைப் படித்துவிட்டு வந்து சண்டை போடுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஃபுளோரிடாவையே எடுத்துக்கொள்வோம். 2022 மார்ச்சில் ஒரு சட்டம், 2023 மே மாதம் இன்னொன்று, இரண்டும் ஆளுநர் டிசாண்டிஸ் கையெழுத்துப் போட்டவை. முதல் சட்டம், பள்ளிக்கு வரும் நூலகப் புத்தகங்களைச் சான்றிதழ் பெற்ற நூலகர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அவர் மாநிலக் கல்வித் துறையின் பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்றது. இதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பயிற்சியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? சந்தேகம் வந்தால் எச்சரிக்கையின் பக்கமே சாயுங்கள் என்று. கூடவே ஒரு நினைவூட்டல்: சிறுவர்களுக்குத் தீங்கானதை அவர்கள் கையில் தெரிந்தே கொடுத்தால் மூன்றாம் நிலைப் பெருங்குற்றம். ஐந்து வருடம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம்.

மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஓர் ஆசிரியரை அந்தப் பயிற்சியில் உட்காரவைத்து யோசியுங்கள். இந்த இரண்டு வரியையும் கேட்டபிறகு அவர் என்ன செய்வார்? 2023 ஜனவரியில் மனாட்டி கவுண்டியில் (கவுண்டி என்றால் மாநிலத்துக்குள் ஒரு மாவட்டம்) ஆசிரியர்கள் சிலர் தங்கள் வகுப்பறைப் புத்தக அலமாரிகளைக் காகிதம் ஒட்டி மூடினார்கள். இந்தப் புத்தகத்தை எடு என்று ஒருவரும் பெயர் சொல்லி உத்தரவு போடவில்லை. போடவேண்டிய அவசியமே இல்லை. பயம் தானாக வேலையைச் செய்துவிட்டது.

இரண்டாவது சட்டம்தான் இயந்திரம். பிள்ளையின் பெற்றோர் மட்டுமல்ல, அந்தக் கவுண்டியில் குடியிருக்கிற யாரும் ஆட்சேபப் படிவம் கொடுக்கலாம். பள்ளியில் பிள்ளை படிக்கவேண்டும் என்பதில்லை. புத்தகம் ஆபாசமானது என்றோ, "பாலியல் நடத்தையைக் காட்டுகிறது அல்லது விவரிக்கிறது" என்றோ எழுதிக்கொடுத்தால் போதும், ஐந்து பள்ளி நாட்களுக்குள் அது அலமாரியை விட்டு இறங்கவேண்டும். ஆட்சேபம் தீரும்வரை மாணவர் கைக்குப் போகக்கூடாது. படிவம் கொடுத்தவர் சொல்வது சரியா தவறா என்று பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். முதலில் தண்டனை, பிறகு விசாரணை. எடுப்பதற்கு ஐந்து நாள் கெடு வைத்தவர்கள், விசாரித்து முடித்துத் திரும்ப வைப்பதற்கு அந்தச் சட்டத்தில் கெடு வைக்கவில்லை. எனக்கு ரத்தம் கொதிப்பது இந்த இடத்தில்தான்.

"விவரிக்கிறது" என்ற அந்த ஒற்றைச் சொல்லைப் பாருங்கள். 1973-ல் மில்லர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆபாசத்துக்கு ஓர் அளவுகோல் கொடுத்தது: படைப்பை முழுதாக எடுத்துப் பார்க்கவேண்டும், அதற்கு இலக்கிய, கலை, அரசியல், அறிவியல் மதிப்பு உண்டா என்று கேட்கவேண்டும். ஃபுளோரிடாச் சட்டத்தின் இந்த வாசகத்தில் முழுதாகப் பார்க்கும் வேலையே கிடையாது. நானூறு பக்க நாவலில் ஒரு பத்தி போதும். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் தனக்கு நடந்ததைச் சொல்லும் பத்தியும், கிளுகிளுப்புக்காக எழுதிய பத்தியும் இந்தச் சொல்லுக்கு முன்னால் ஒன்றுதான்.

இன்னொரு ஷரத்தும் இருக்கிறது. பெற்றோர், பள்ளிகளை நிர்வகிக்க மக்கள் தேர்ந்தெடுத்த ஸ்கூல் போர்டின் கூட்டத்தில் அந்தப் பத்தியை வாய்விட்டுப் படிக்கலாம். இது என்ன பேச்சு என்று போர்டு அவரை நிறுத்திவிட்டால், அந்தப் புத்தகத்தைப் பள்ளிகள் கைவிடவேண்டும். கூட்டத்தில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தலைவர் தடுத்தாலும் அதே கதிதான். மேல்முறையீடும் ஒருதலைப்பட்சம். புத்தகத்தை எடுக்கச் சொன்ன பெற்றோருக்குப் போர்டின் முடிவு பிடிக்கவில்லை என்றால், மாநிலத்திடம் தனி விசாரணை அதிகாரி கேட்கலாம், செலவு அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்தின் தலையில். புத்தகம் இருக்கட்டும் என்கிற பெற்றோருக்கு அந்தக் கதவு கிடையாது. இதை எதிர்த்து 2024-ல் ஃபுளோரிடாப் பெற்றோர் மூவர் நீதிமன்றம் போனார்கள். பெற்றோர் உரிமை என்று மேடைதோறும் முழங்குகிறவர்கள் இவர்களும் பெற்றோர்தான் என்பதை எங்கே வைத்தார்கள்?

எஸ்காம்பியா கவுண்டியில் இந்த இயந்திரம் ஓடியதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். 1,600-க்கும் மேற்பட்ட தலைப்புகளைப் பரிசீலனை என்று ஒதுக்கினார்கள். அந்தப் பட்டியலில் ஐந்து அகராதிகளும் எட்டுக் கலைக்களஞ்சியங்களும் இருந்தன. அகராதி என்றால் எல்லாச் சொல்லுக்கும் பொருள் இருக்கத்தான் செய்யும். சட்டத்தின் சொல்லை நேராகப் படித்தால் அகராதியும் "விவரிக்கிறது" தானே! செய்தி வெளியானதும் மாவட்டம் சொன்ன பதில்: நாங்கள் தடை செய்யவில்லை, பரிசீலனைக்காக எடுத்து வைத்திருக்கிறோம். அவர்கள் சொன்னது பொய் இல்லை. தடை என்ற சொல்லே எந்தக் காகிதத்திலும் வராமல் அலமாரி காலியாக முடியும் என்பதுதான் விஷயம். அதனால்தான் "இது தடையா இல்லையா" என்று மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2025 ஜனவரியில் மத்தியக் கல்வித் துறை இதையெல்லாம் "புத்தகத் தடைப் புரளி" என்று பெயரிட்டு, கையில் இருந்த புகார்களைத் தள்ளுபடி செய்தது. பெயரைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டால் இப்படித்தான் எதிராளி பெயரையே மறுத்துவிட்டுப் போய்விடுவார்.

படிவங்களைக் கொடுத்தது யார் என்று பார்த்தால் ஊர் திரண்டு வந்ததாகவும் இல்லை. 2021-22 கல்வியாண்டில் நாட்டின் பல பள்ளி மாவட்டங்களில் வந்த ஆட்சேபங்களை வாஷிங்டன் போஸ்ட் திரட்டிப் பார்த்தபோது, 60 சதவீதம் வெறும் 11 பேர் கொடுத்தவை. ஃபுளோரிடா ஆளுநரே, சிலர் இந்த வழியைத் துஷ்பிரயோகம் செய்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டார். 2024-ல் சட்டத்தைத் திருத்தி, பள்ளியில் பிள்ளை இல்லாதவர் மாதம் ஓர் ஆட்சேபம்தான் கொடுக்கலாம் என்றார்கள். ஐந்து நாள் கெடு அப்படியே இருக்கிறது.

இப்போது ஹங்கேரிக்கு வருவோம். சர்வாதிகாரச் செல்வாக்கு என்று எல்லோரும் கையை நீட்டுவது அங்கேதான். 2021 ஜூனில் அன்றைய பிரதமர் ஓர்பானின் கட்சி, 18 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தன்பால் ஈர்ப்பையும் பாலின மாற்றத்தையும் "காட்டுவதையும் ஊக்குவிப்பதையும்" தடுத்துச் சட்டம் போட்டது. அப்படிப்பட்ட சிறார் நூல்களை மூடிய உறைக்குள் வைத்துத்தான் விற்கவேண்டும், பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் 200 மீட்டருக்குள் விற்கவே கூடாது என்று விதி வந்தது. 2023 ஜூலையில் பிளாஸ்டிக் உறை போடாமல் ஒரு பதின்வயதினர் படக்கதையை விற்றதற்காக ஒரு புத்தகக் கடைக்கு 120 லட்சம் ஃபோரிண்ட் அபராதம் போட்டார்கள். அமெரிக்க வலதுசாரிகள் இந்த அரசைத் தேடிப் போனதும் ரகசியம் இல்லை. 2021 ஆகஸ்டில் அப்போது ஃபாக்ஸ் நியூஸ் தொகுப்பாளராக இருந்த டக்கர் கார்ல்சன் புடாபெஸ்டிலிருந்து நிகழ்ச்சி நடத்தினார். 2022 மே மாதம் அமெரிக்க வலதுசாரிகளின் சீபேக் (CPAC) மாநாடு அங்கே கூடியது. அந்த ஆகஸ்டில் ஓர்பான் அதே மாநாட்டின் டல்லஸ் மேடையில் பேசினார்.

சரி, அதனால் ஃபுளோரிடா ஹங்கேரி ஆகிவிட்டதா? இல்லை. ஃபுளோரிடாச் சட்டம் கடையைத் தொடவில்லை, பள்ளியோடு நிற்கிறது. நீதிமன்றம் குறுக்கே நிற்கவும் முடிகிறது: 2025 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிபதி கார்லோஸ் மெண்டோசா, நான் மேலே சொன்ன அந்த "விவரிக்கிறது" வாசகம் அளவுக்கு மீறி விரிந்தது, அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்புச் சொன்னார். மாநிலம் மேல்முறையீட்டுக்குப் போனது. இந்த வித்தியாசத்தை ஒளிக்கிறவர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் உத்தி ஒன்றுதான், அதை வலதுசாரி நண்பர்கள் மறுக்கமுடியாது. சொல்லைத் தெளிவில்லாமல் வை. தண்டனையைப் பெரிதாக வை. முடிவெடுக்கும் பொறுப்பை, வேலை போய்விடுமோ என்று நடுங்குகிறவர் கையில் கொடு. அங்கே கடைக்காரர், இங்கே நூலகர்.

இடதுபக்கத்தைச் சும்மா விடமாட்டேன். ஒவ்வொரு படிவத்துக்கும் 1933 பெர்லின் புத்தக எரிப்பை இழுத்தால், அலமாரியில் என்ன இருக்கிறது என்று நிஜமாகவே கவலைப்படுகிற தாய் உங்களோடு பேசுவதை நிறுத்திவிடுவாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு எது, பதினாறு வயதுக்கு எது என்பது நியாயமான கேள்வி. எழுத்தாளர்களின் கருத்துரிமைக்காகப் பேசும் பென் அமெரிக்கா அமைப்பு 2023-24-ல் 10,046 புத்தகத் தடை நிகழ்வுகள் என்றது. அதில் பரிசீலனை முடியும்வரை எடுத்துவைத்ததும் சேர்த்தி என்பதை அந்த அமைப்பு வெளிப்படையாகவே எழுதுகிறது. எண்ணை மேடையில் சொல்கிறவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள், எதிராளி அதைப் பிடித்துக்கொள்கிறார். கலிபோர்னியாவின் பர்பாங்க் 2020-லும், வாஷிங்டன் மாநிலத்தின் முகில்டியோ 2022-லும் இனவாதச் சொற்களுக்காகப் பழைய நாவல்களைக் கட்டாயப் பாடப் பட்டியலிலிருந்து எடுத்தபோது எத்தனை முற்போக்காளர் குரல் கொடுத்தார்கள்? மேரிலாந்தின் மாண்ட்கோமரி கவுண்டி தன் பங்குக்கு இன்னொரு தவறு செய்தது. தன்பாலினத்தவர் வரும் கதைப் புத்தகங்களை வகுப்பில் வாசிக்கும்போது பிள்ளையை வெளியே அழைத்துக்கொள்ள முதலில் அனுமதி தந்தது, பிறகு அதை ரத்து செய்தது. வழக்குப் போட்டவர்களில் முஸ்லிம் பெற்றோரும் கிறிஸ்தவப் பெற்றோரும் இருந்தார்கள். 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று பெற்றோர் பக்கம் நின்றது. என் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு வழியை விட்டுவைத்திருந்தால் இவ்வளவு பெரிய தீர்ப்பு வந்திருக்குமா?

என் பிள்ளைக்கு வேண்டாம் என்பது ஒன்று. எல்லார் பிள்ளைக்கும் வேண்டாம் என்பது வேறு. நடுவில் இருக்கிற இந்தக் கோட்டைத்தான் இரண்டு கூட்டமும் சேர்ந்து அழித்துக்கொண்டிருக்கிறது. யூட்டா மாநிலம் 2024-ல் கோட்டை முழுதாகவே துடைத்துவிட்டது: மூன்று பள்ளி மாவட்டங்கள், அல்லது இரண்டு மாவட்டங்களும் ஐந்து சார்ட்டர் பள்ளிகளும் (அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்துபவை) ஒரு புத்தகத்தை எடுத்துவிட்டால், மாநிலம் முழுக்க எல்லா அரசுப் பள்ளியும் எடுத்தாகவேண்டும். அந்த ஆகஸ்டில் வந்த முதல் பட்டியலில் 13 தலைப்புகள். உங்கள் ஊர் போர்டை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள், எங்கேயோ இருக்கிற மூன்று போர்டுகள் உங்கள் அலமாரியைத் தீர்மானிக்கின்றன. உள்ளூர் அதிகாரம் என்று பேசி வளர்ந்த கட்சியா இதைச் செய்வது? அயோவாவின் மேசன் சிட்டியில் இன்னும் கொடுமை. பாலியல் விவரணை உள்ள புத்தகங்களை எடுக்கச் சொன்ன மாநிலத்தின் புதுச் சட்டத்துக்கு ஏற்ப அத்தனை புத்தகத்தையும் படித்துப்பார்க்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. 2023-ல் சாட்ஜிபிடியிடம் கேட்டு 19 புத்தகங்களை எடுத்தார்கள். படிக்காமல் எடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லைதான். ஆனால் கெடுவையும் தண்டனையையும் கொடுத்துவிட்டு, ஆளையும் பணத்தையும் கொடுக்காவிட்டால் வேறென்ன நடக்கும்?

வலதுபக்க நண்பர்களே, டெக்சஸின் லானோ கவுண்டி வழக்கை வெற்றி என்று கொண்டாடினீர்கள். பொது நூலகத்திலிருந்து 17 புத்தகங்களை எடுத்தார்கள். தகவல் பெறும் உரிமை என்று சொல்லி வாசகர் அதை எதிர்த்து வழக்குப் போடமுடியாது என்று 2025 மே மாதம் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமான ஐந்தாவது சர்க்யூட் 10-க்கு 7 என்று சொன்னது; நூலகம் எதை வைத்துக்கொள்கிறது என்பது அரசின் சொந்தப் பேச்சு என்றும் அந்தப் பெரும்பான்மையில் பலர் எழுதினார்கள். டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. அரசின் பேச்சு என்றால் அரசு மாறும்போது பேச்சும் மாறும். இன்றைக்குக் கவுண்டி கமிஷனர் உங்கள் ஆள். நாளை வருகிறவர் உங்களுக்குப் பிடித்த புத்தகத்தை எடுத்தால் எந்த நீதிமன்றத்துக்குப் போவீர்கள்? யூட்டாவின் டேவிஸ் பள்ளி மாவட்டத்தில் 2023-ல் பைபிளையே, அந்த மாநிலத்தின் அப்போதைய சட்டப்படி வந்த ஓர் ஆட்சேபத்தால், தொடக்க, நடுநிலைப் பள்ளிகளிலிருந்து எடுத்துவிட்டுச் சில வாரத்தில் திரும்ப வைத்தார்களே, அது போதாதா?

ஃபுளோரிடாவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற நம்மவர்களும் எத்தனையோ பேர். நீங்கள் எந்தக் கட்சியாகவும் இருங்கள். ஆட்சேபங்களைப் பரிசீலிக்கும் கமிட்டிக் கூட்டம் முன்னறிவிப்போடு பொதுமக்கள் முன்னிலையில் நடக்கவேண்டும் என்று அதே ஃபுளோரிடாச் சட்டம் சொல்கிறது, போய் உட்காருங்கள். ஸ்கூல் போர்டு தேர்தல் ஆகஸ்டில் நடக்கும், நவம்பர் பொதுத் தேர்தலுக்குக் காத்திருந்து கோட்டை விடாதீர்கள். மாவட்ட அலுவலகத்தில் ஆட்சேபப் பட்டியலைக் கேளுங்கள்: தலைப்பு, படிவம் வந்த தேதி, எடுத்த தேதி, கமிட்டி கூடிய தேதி, முடிவு. முடிவு என்ற கட்டம் காலியாக இருக்கிற ஒரு புத்தகத்தைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். எடுத்த தேதியிலிருந்து இன்றுவரை எத்தனை பள்ளி நாள் ஆகிறது என்று எண்ணி, அந்த எண்ணைப் போர்டு முன்னால் எழுந்து நின்று வாய்விட்டுப் படியுங்கள்.