வெதுவெதுப்பான இடமாம்!

டோனட் செய்முறை வீடியோ போடுகிற அத்தனை பேரையும் கேட்கிறேன். "மாவை மூடி வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள்" என்கிறீர்களே, எந்த ஊரை மனதில் வைத்துச் சொல்கிறீர்கள்? சித்திரை மாதக் கீழக்கரையில் வெதுவெதுப்பு இல்லாத மூலை ஒன்று இருந்தால் காட்டுங்கள், முதலில் நான் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

நேற்று அரைக் கிலோ மைதா, 7 கிராம் ஈஸ்ட், 60 கிராம் வெண்ணெய், முட்டை, பால், சர்க்கரை என்று எல்லாவற்றையும் நிறுத்துத்தான் போட்டேன். பாலை வெதுவெதுப்பாக்கச் சொன்னார்கள், ஆக்கினேன். வெண்ணெய் அறை வெப்பத்தில் இருக்க வேண்டுமாம். எங்கள் வீட்டு அறை வெப்பத்தில் வெண்ணெய் உருகி ஓடும்! பிசையப் பிசைய மாவு எண்ணெய் கக்கியது. சரி என்று இழுத்து, மடக்கி, ஒரு வழிக்குக் கொண்டுவந்து மூடி வைத்துவிட்டு மதியத் தொழுகையான லுஹர் தொழப் போனேன்.

தொழுது முடித்து மற்ற வேலையைப் பார்க்கும்போதே உம்மா சத்தம் போடுகிறார்கள். "மாவு மூடியைத் தள்ளிக்கிட்டு வெளியே வருது, வந்து பாரு!" ஓடிப்போய்த் திறந்தால் புளித்த வாடை குப்பென்று அடிக்கிறது. பாலும் முட்டையும் வெண்ணெயும் சேர்ந்த மாவு மெதுவாகத்தான் எழும்பும் என்று அடித்துச் சொன்னார்களே! 25 டிகிரியில் மெதுவாக எழும்பும். 35 டிகிரியில் பாதி நேரத்திலேயே பொங்கி முடிந்துவிடும்.

அதையும் அமுக்கி, தட்டி, டம்ளரால் வெட்டி, நடுவில் பாட்டில் மூடியால் ஓட்டை போட்டு, ஒவ்வொன்றையும் காகிதத் துண்டில் வைத்தேன். மறுபடியும் 45 நிமிடம் வைக்க வேண்டுமாம். எண்ணெய் 180 டிகிரிக்கு ஏறியதும் முதல் டோனட்டைக் காகிதத்தோடு தூக்கினேன். பஞ்சாக உப்பி நின்றது விரல் பட்டதும் புஸ்ஸென்று இறங்கியது. விரல் பட்ட குழி அப்படியே நின்றது, நடு ஓட்டை மூடிக்கொண்டது. எண்ணெயில் போட்டதும் மேலெல்லாம் கொப்புளம். எடுத்துப் பிழிந்தால் எண்ணெய் சொட்டுகிறது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. பக்கத்தில் அக்கா பிள்ளைகள் தட்டோடு நிற்கிறார்கள்.

மேலே பூசுகிற சர்க்கரைப் பாகு தனிக் கொடுமை. பத்து நிமிடத்தில் காய்ந்து மொறுமொறுப்பாகுமாம். உப்பு ஜாடியே கசிகிற கடற்கரை இது! சர்க்கரை காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு மாலை அஸர் தொழுகை நேரம் வரை கையில் ஒட்டியது.

வீடியோவுக்குக் கீழே போய்க் கேட்டால், "உங்க ஈஸ்ட் பழசு" என்று பதில். செத்த ஈஸ்ட் மூடியைத் தள்ளுமா?

எங்கள் ஊரில் தொதல் என்கிற அல்வா மாதிரி இனிப்பைக் கிண்டுகிற பெண்கள் கடிகாரம் பார்த்து இறக்குவதில்லை. எண்ணெய் பிரிந்து, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வர வேண்டும், அதுதான் கணக்கு. அப்படிப் பதம் சொல்லித் தரத் தெரியாதா உங்களுக்கு? விரலால் அமுக்கினால் குழி மெதுவாகப் பாதி மேலே வர வேண்டும், வராவிட்டால் நேரம் கடந்துவிட்டது என்று ஒரு வரி. சூட்டு ஊர்க்காரர்கள் பாலையும் முட்டையையும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றுங்கள், ஈஸ்டைக் குறையுங்கள் என்று இன்னொரு வரி. தமிழில் பேசுகிறீர்கள், தமிழ்நாட்டில் உட்கார்ந்து பேசுகிறீர்கள், குளிர் தேசத்துக் கணக்கை அப்படியே ஒப்பிக்கிறீர்கள்!

இன்னொருவர் மாவை ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்கிறார். நல்ல யோசனைதான், கரன்ட் இருந்தால். எங்கள் தெருவில் புழுக்கம் ஏறுகிற நேரம் பார்த்துத்தான் கரன்ட் போகிறது. கரன்ட் ஆபீசுக்குப் போன் அடித்தால் எடுப்பதில்லை, எடுத்தால் "இப்ப வந்துரும்" என்கிறார்கள். எப்ப? அதை முதலில் சொல்லுங்கள்!