வீடியோ கால்ல கைதாம், வெங்காயம்!

"மும்பை சைபர் கிரைம்லேர்ந்து பேசறோம். உங்க பேர்ல வந்த பார்சல்ல போதை மாத்திரை பிடிபட்டிருக்கு." இதைக் கேட்டதும் அடிவயிறு கலங்குது பாருங்க, அந்தக் கலக்கத்துலதான் இந்தப் பாவிங்க பொழப்பே ஓடுது.

அடுத்தது வீடியோ கால். உங்களை 'டிஜிட்டல் அரஸ்ட்' பண்ணிட்டோம், அதாவது ஆன்லைன்லயே கைதுன்னு மிரட்டல். காக்கிச் சட்டை, பின்னாடி சுவர்ல போலீஸ் சின்னம், வாக்கி டாக்கி இரைச்சல் வேற. எங்க பெரியம்மா ரிட்டையர்டு டீச்சர். ஒரு முறைப்புல வகுப்பையே அடக்கினவங்க. பாத்ரூம் போக அந்தக் களவாணிப் பயலுங்ககிட்ட பர்மிஷன் கேட்டிருக்காங்கய்யா! கேமராவை அணைக்கக் கூடாதாம். கதவைச் சாத்திக்கணுமாம். புள்ளைங்ககிட்ட மூச்சு விட்டா அவங்களையும் உள்ள தள்ளிடுவானுங்களாம்.

அந்த "யார்கிட்டயும் சொல்லாதீங்க"தான் எனக்கு ரத்தக் கொதிப்பை ஏத்துது. சட்டம் அப்படியே நேர் எதிர்! நிஜமா கைது பண்ணினா சொந்தக்காரங்களுக்கோ நண்பருக்கோ தகவல் சொல்றது போலீஸோட கடமை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதான் இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 48-வது பிரிவு. 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். 'டிஜிட்டல் அரஸ்ட்'னு ஒண்ணு இந்த நாட்டுச் சட்டத்துலயே கிடையாது. விசாரணைக்குக் கூப்பிடற நோட்டீஸைக்கூட வாட்ஸ்அப்ல அனுப்பினா செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியிலயே சொல்லிருச்சு. நோட்டீஸுக்கே இந்தக் கதின்னா கைது எங்கேர்ந்துய்யா வரும்?

அப்புறம் "பணத்தை ரிசர்வ் வங்கி சரிபார்க்கணும், இந்தக் கணக்குக்கு மாத்துங்க, முடிஞ்சதும் திரும்ப வந்துடும்"னு ஒரு நாடகம். வரும், வரும்! போய்ச் சேர்றது எவனோ கமிஷனுக்கு ஆசைப்பட்டு வாடகைக்கு விட்ட கணக்குக்கு.

பேங்க்காரங்களையும் சும்மா விடறதா இல்ல. கொஞ்சம் பணம் எடுக்கப் போனாலே கையெழுத்து ஒத்து வரலைன்னு திரும்பத் திரும்பப் போட வைக்கிற ஆளுங்க, ஒரு வயசானவங்க டெபாசிட்டை மொத்தமா உடைச்சு முன்பின் தெரியாத கணக்குக்கு அனுப்பறப்ப "எதுக்கும்மா இவ்ளோ அவசரம்?"னு ஒரு வார்த்தை கேட்டா வாய் வலிக்குமா?

இதுக்கு நடுவுல, "படிச்சவங்களே இப்படி ஏமாறலாமா"ன்னு உச்சுக்கொட்ட வர்ற உறவுக்கூட்டம். இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பெரியம்மா அன்னிக்கு ராத்திரி பூரா வாயே திறக்கல. விடியறதுக்குள்ள பணம் கணக்குக்குக் கணக்கு தாவிப் போயாச்சு. உடனே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் போன் போட்டிருந்தா வழியிலயே கொஞ்சமாவது முடக்கப் பார்த்திருக்கலாம்.

இந்த மாதிரி போன் வந்தா மரியாதை, மண்ணாங்கட்டி எதுவும் பார்க்காதீங்க, பட்டுனு கட் பண்ணுங்க. மனசு உறுத்துச்சுன்னா பக்கத்து ஸ்டேஷனுக்கு நேர்லயே போய்க் கேளுங்க. அவன் குடுக்கற நம்பருக்கு மட்டும் திருப்பிக் கூப்பிட்டுடாதீங்க, அங்கேயும் அவன் கூட்டாளிதான் எடுப்பான்.

உச்சுக்கொட்டற சொந்தங்களே, உங்க வீட்லயும் நடந்தா மொதல்ல 1930-க்கு அடிங்க. அட்வைஸை அப்புறமா வெச்சுக்கலாம்.