“அது அப்பிடித்தான், பாடமாக்கு!”

இந்த ஒரு வசனத்தைக் கேட்டுக் கேட்டே எங்கள் தலைமுறை இங்கிலீசை வெறுத்தது. இப்போது எங்கள் பிள்ளைகளும் அதையேதான் கேட்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் பாடமாகத் தொடங்கி பதினோராம் வகுப்பு ஓ.எல் பரீட்சை வரைக்கும் படித்துவிட்டு, ஒரு கடிதம் எழுதக் கை நடுங்குகிற பிள்ளைகள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். உடனே ஒரு கதை வரும்: “வன்னிப் பிள்ளையளுக்கு இங்கிலீஸ் ஏறாது.” கேட்கும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

அக்காவின் மகள் ஆறாம் வகுப்பு. சந்தைக்குப் போய்வந்ததை எழுதியிருந்தாள். ‘கோ’வுக்குப் பின்னால் ஈடி போட்டிருந்தாள். ரியூசன் மாஸ்டர் சிவப்புப் பேனையால் இழுத்த இழுப்பில் கொப்பியின் அடுத்த தாளிலும் தடம் விழுந்திருந்தது. சரியான சொல்லைப் பக்கத்தில் எழுதவும் இல்லை. ‘வோக்’, ‘பிளே’ எல்லாவற்றுக்கும் ஈடி போடு என்று படிப்பித்ததும் அவர்தான்! படிப்பித்த விதியைப் பிள்ளை சரியாகப் பிடித்திருக்கிறாள். விதிக்கு அடங்காதது அந்தச் சொல். “ஏன் மாமா பிழை?” என்று கேட்கிறாள். நியாயமான கேள்விதானே? அங்கே வரவேண்டிய ‘வென்ட்’ உண்மையில் ‘வெண்ட்’ என்ற வேறொரு பழைய வினையின் இறந்தகாலம். காலப்போக்கில் ‘கோ’வோடு வந்து ஒட்டிக்கொண்டது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? சொன்னால் அந்தப் பிள்ளை சாகும்வரை மறக்காது.

எழுத்துக்கூட்டல் இன்னும் கொடுமை. ஓ, யு, ஜி, எச் நான்கும் சேர்ந்து ‘தோ’வில் ஒரு சத்தம், ‘த்ரூ’வில் இன்னொன்று, ‘டஃப்’பில் வேறு, இருமலுக்கான ‘கொஃப்’பில் வேறு. ‘நைஃப்’புக்கு முன்னால் நிற்கிற கே-யை ஒரு காலத்தில் வாய்விட்டே சொன்னார்கள். 1476இல் இங்கிலாந்தின் முதல் அச்சாளர் கக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் தொடங்கிய பிறகு எழுத்து மெல்ல மெல்ல ஓரிடத்தில் நின்றுவிட்டது, பேச்சு மட்டும் மாறிக்கொண்டே போனது. கடனுக்கான ‘டெட்’டில் இருக்கிற பி, லத்தீன் மூலத்தைக் காட்டப் படித்தவர்கள் செருகியது. ‘ஐலண்ட்’டில் உள்ள எஸ், இல்லாத லத்தீன் உறவை இருப்பதாக நினைத்து நுழைத்தது. அவர்கள் விட்ட பிழை அகராதியில் ஏறியிருக்கிறது. எங்கள் பிள்ளை விட்டால் பூச்சியமா?

விதி என்று சொல்லித் தருவதாவது நிற்கிறதா? ஐ முன்னால், ஈ பின்னால், சி-க்குப் பிறகு மட்டும் மாற்றிப் போடு என்பார்கள். அந்த விதியை ‘சயன்ஸ்’ என்ற சொல்லே உடைக்கிறது, பாடசாலையில் ஒவ்வொரு நாளும் நேரசூசியில் பார்க்கிற சொல்! போதாக்குறைக்கு, ‘கலர்’ என்பதை ரீச்சர் சொன்னபடி யு போட்டு எழுதினால், அமெரிக்க ஆங்கிலத்தில் கிடக்கிற போன் அடியில் சிவப்புக் கோடு போடுகிறது. பிள்ளை யாரை நம்புவது?

காலங்களுக்கு வருகிறேன், எனக்கு நெஞ்சு கொதிப்பது அங்கேதான். ‘இரண்டு வருடமாக வேலை செய்கிறேன்’ என்று நிகழ்காலத்தில்தான் நாங்கள் சொல்வோம். அதே நினைப்பில் எங்கள் ஒழுங்கைப் பொடியன் ஒருவன் நேர்முகத்தில் ‘ஐ ஆம் வேர்க்கிங்’ என்றான். ‘ஹாவ் பீன்’ வரவேண்டிய இடம். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களாம். மங்குளம் பக்கத்துக் குளம், வாய்க்கால், எந்தப் போகத்தில் எந்த வயலுக்குத் தண்ணீர் பாயும் என்பதெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறவன். அதில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ‘நேற்று வந்திருக்கிறார்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம், இங்கிலீசில் நேற்று என்று வந்தால் அங்கே ‘ஹாஸ் கம்’ நிற்காது. இரண்டு மொழியும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. கரும்பலகையில் ‘சப்ஜெக்ட் பிளஸ் ஹாவ் பிளஸ்’ என்று கணக்குச் சூத்திரம் மாதிரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இதே பிள்ளைகள்தான் பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல் பரீட்சையைத் தமிழில் எழுதி, பௌதிகத்திலும் கணிதத்திலும் நல்ல புள்ளி எடுத்து, கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குப் போகிறார்கள். அங்கே முழுக்க இங்கிலீசில் விரிவுரை. ஏறாத மூளையென்றால் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள்?

இங்கிலீஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு அது இந்த நாட்டின் இணைப்பு மொழி என்று அரசியலமைப்பிலேயே எழுதியாயிற்று, கட்டாயம் வேண்டும். அதனால்தான் கேட்கிறேன். மாஸ்டர்மாரே, ரீச்சர்மாரே, தமிழில் விளக்கம் சொல்லுங்கள். ஒழுங்கில்லாத இடத்தில் இது ஒழுங்கில்லாதது என்று ஒத்துக்கொள்ளுங்கள். கொப்பியில் கோடு இழுத்தால், பக்கத்தில் சரியான சொல்லை எழுதுங்கள். அப்புறம், பிள்ளை ‘ஏன்’ என்று கேட்டால் தயவுசெய்து வாயை அடைக்காதீர்கள்.