தோற்ற கலகக்காரர் போட்ட சாலை

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரேசில் என்றாலே பேரரசர் இரண்டாம் பெட்ரோவின் புகழ்தான் முதலில் வருகிறது. படித்தவர், பண்பானவர், அப்புறம் என்னென்னவோ. எனக்கு அவரைவிட, அவர் திரும்பத் திரும்ப ஓரங்கட்டிய தியோஃபிலோ ஒட்டோனியைத்தான் பிடிக்கும். குறைகளோடு சேர்த்தே பிடிக்கும்.

1807இல் மினாஸ் ஜெராய்ஸ் மாகாணத்தில், இன்று செர்ரோ எனப்படும் ஊரில் பிறந்தவர். சொந்த ஊரில் பத்திரிகை நடத்தி, மாகாண சபைக்குப் போய், அங்கிருந்து நாடாளுமன்றம் போனார். 1840இல் பதினான்கு வயதுப் பையனான பெட்ரோவுக்கு வயது வந்துவிட்டதாக அறிவித்து அரியணையில் ஏற்றியதே ஒட்டோனியின் கட்சியினரான லிபரல்கள்தான். கைமேல் பலன் கிடைத்தது! அடுத்த ஆண்டே கன்சர்வேட்டிவ் அமைச்சரவை வந்தது. மாகாணங்களின் போலீஸ் அதிகாரம் அன்றைய தலைநகரான ரியோவின் கைக்குப் போனது. 1842இல் லிபரல்கள் வென்றிருந்த நாடாளுமன்ற சபையை, அது கூடும் முன்பே கலைத்தார்கள். சாவோ பாலோ, மினாஸ் மாகாணங்களின் லிபரல்கள் ஆயுதம் எடுத்தார்கள். ஆகஸ்ட் 20 அன்று மினாஸின் சாந்தா லுசியா ஊரில், அரசுத் தளபதி காஷியஸின் படையிடம் தோற்று, ஒட்டோனி சிறைக்குப் போனார். அதன்பிறகு லிபரல்களுக்கு 'லுசியா' என்பதே பட்டப்பெயர் ஆயிற்று. தோற்ற ஊரின் பெயரைச் சொல்லியே கேலி செய்தார்கள்.

ஒட்டோனியைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தக் கலகத்தோடு நின்றுவிடுவது எனக்கு ஒப்பவில்லை. 1844இல் பொது மன்னிப்பு வந்தபின் அவர் செய்ததுதான் பெரிய அரசியல். மினாஸுக்குக் கடல் கிடையாது. சரக்கெல்லாம் கோவேறு கழுதைகளில் மலை தாண்டி ரியோவுக்குப் போகவேண்டும். வடகிழக்கு மினாஸுக்காவது கடலுக்குத் தனி வழி வேண்டும் என்று 1847இல் முக்குரி கம்பெனியைத் தொடங்கினார். 1853இல் காட்டுக்குள் ஓர் ஊர் அமைத்து அதற்கு ஃபிலடெல்ஃபியா என்று பெயர் வைத்தார். முடியரசு நாட்டில் அமெரிக்கக் குடியரசின் ஊர்ப்பெயர்; குசும்புதான். அங்கிருந்து ஆற்றுத்துறைக்குச் சாலையும் போட்டார். துப்பாக்கியால் கிடைக்காத மாகாண சுயாட்சியைச் சாலை போட்டு வாங்கப் பார்த்தார் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

ஆனால் அந்தக் காடு பொட்டோகூடோ என்ற பழங்குடி மக்களுடையது. அவர்களைக் கொல்லாமல் சமாதானமாக அணுகவேண்டும் என்று அவர் எழுதினார், அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். சரி, நிலம் யாருக்குப் போனது? குடியேறிகளுக்கு. அந்தக் குடியேறிகளும் சுகப்படவில்லை. ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் பசியிலும் நோயிலும் வாடினார்கள். 1859இல் போய்ப் பார்த்த ஜெர்மன் மருத்துவர் ஆவே லாலெமாந்த் கடுமையாக எழுதினார். எதிரிகளுக்கு அது வசதியாகப் போயிற்று. 1861இல் கம்பெனி முடிந்தது. எதிரிகள் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதாலேயே அந்தப் புகார் பொய்யாகிவிடாது. இதில் ஒட்டோனியை நான் விட்டுக்கொடுக்கத்தான் செய்வேன்.

பேரரசரை விட்டுக்கொடுக்க எனக்கு இன்னும் வலுவான காரணம் உண்டு. நாடாளுமன்ற மேலவையான செனட்டில் இடம் காலியானால் மாகாணத்தின் வாக்காளர்கள் மூவரைத் தேர்ந்து அனுப்புவார்கள். அவர்களில் ஒருவரைப் பேரரசர் ஆயுள் முழுவதற்கும் நியமிப்பார். அந்தப் பட்டியலில் ஒட்டோனியின் பெயர் பலமுறை போனது, பலமுறை தள்ளப்பட்டது. 1860 தேர்தலில் ரியோ தெருக்களில் அவருக்காக மக்கள் வெள்ளைக் கைக்குட்டை அசைத்தார்கள். அதற்குப் பிறகும் செனட்டர் ஆக 1864 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1869இல் அவர் இறந்தே போனார். ஒரு மாகாணம் தேர்ந்தெடுத்தவரை இப்படித் திரும்பத் திரும்பத் தட்டிக்கழித்தவரைத்தான் தாராளமனம் கொண்ட மன்னர் என்கிறார்கள்.